பலகையில் தொண்ணூறாயிரம்

லாரி என்னை இடித்ததற்காக முதலில் வாழ்த்துச் சொன்னவள் ஆம்புலன்சில் வந்த பெண்தான்.

"பதினெட்டுச் சக்கரமா? கம்பெனி லாரியா? நல்ல இன்ஷூரன்ஸ் வச்சிருப்பாங்க மிஸ் எர்லீன், உங்களுக்கு இனிமே என்ன கவலை" என்றாள், என் கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டே. நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் ஓப்பலூசஸில் அப்படித்தான். ஒருவனைப் பெரிய லாரி இடித்தால், ஆள் பிழைப்பானா என்று கேட்கும் முன்பே வக்கீல் யார் என்று கேட்பார்கள்.

எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. மத்தியானம் மட்டும். சோறு, குழம்பு, வெள்ளிக்கிழமை மீன். பதினாறு வருஷமாக அந்த அடுப்பு என் கையில். இடுப்பு எலும்பு நகர்ந்தபின் சோற்றுப் பானையைத் தூக்க முடியவில்லை. ஆள் வைத்தேன். ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் வாடகைக்கு இல்லை, வாடகை கொடுத்தால் இறைச்சிக்காரனுக்கு இல்லை. என் புருஷன் அல்சீட்டுக்குச் சர்க்கரை ஆலையில் கரும்பு சீசனுக்குத்தான் வேலை. வழக்கோ இழுத்துக்கொண்டே போனது.

வக்கீல் டுசெட்டின் ஆபீசில் இருந்த பெண்தான் அந்த முன்பணக் கம்பெனியின் நம்பரைக் கொடுத்தாள். வழக்கில் வரப்போகும் பணத்தை நம்பி இப்போதே காசு கொடுப்பார்களாம்.

"இது கடனே இல்ல மிஸ் எர்லீன். வழக்கு தோத்தா ஒரு சென்ட்கூட திருப்பித் தர வேண்டாம்" என்றான் போனில் பேசியவன்.

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா உங்ககிட்டதான் பணம் இருக்குமே."

இதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது, சொல்லுங்கள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வாங்கியிருந்தார்கள். தோற்றால் தர வேண்டாம் என்பது மட்டும் எல்லார் காதிலும் தேனாய் விழுந்தது. மாதா மாதம் வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி என்பது யார் காதிலும் ஏறவில்லை. மூவாயிரம் டாலர் வாங்கினேன். அடுத்த வருஷம் இன்னொரு மூவாயிரம். அதற்கடுத்த வருஷமும் ஒன்று. எல்லாம் வாடகைக்கே போனது.

இந்த வசந்தத்தில் டுசெட் கூப்பிட்டு அனுப்பினார். இன்ஷூரன்ஸ்காரன் தொண்ணூறாயிரம் தர ஒப்புக்கொண்டுவிட்டான். அல்சீட் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்கூட வந்தான்.

டுசெட் நிதானமாகச் சொன்னார். அவர் பங்கு முப்பத்தாறாயிரம். கோர்ட்டுச் செலவு எட்டாயிரம். வழக்கு முடிந்து வாங்கிக்கொள்கிறோம் என்று ஊசி போட்ட டாக்டர்களுக்கு இருபத்தோராயிரம். முன்பணக் கம்பெனிக்கு ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம்.

"நான் வாங்கினது ஒம்பதுதானே" என்றேன்.

"வாங்கினது ஒம்பது. வளந்தது இருபத்தஞ்சு."

"அப்ப எனக்கு?"

"இருநூறு டாலர் சொச்சம்."

அல்சீட் தொண்டையைக் கனைத்தான். நசுங்கினது என் இடுப்பு. அதை ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டு, எலும்பை என்னிடம் தள்ளுகிறார்கள்.

"முடியாதுன்னு சொன்னா?"

"விசாரணைக்கு இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும். அதுக்குள்ள முன்பணம் ரெண்டு மடங்காயிடும்."

"தோத்துட்டா? முன்பணக்காரனுக்குத் தர வேண்டாமே."

"அவனுக்கு வேண்டாம். டாக்டருங்களுக்குத் தரணும். அவங்க உங்க பேர்ல கேஸ் போடுவாங்க."

உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஏபேருக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம் வாடகை பாக்கி. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இடத்தை டைகிரி விற்கிறவனுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதாவது காரில் உட்கார்ந்தபடியே ஐஸ் போட்ட சாராயம் வாங்கிப் போகிற கடை. என் அடுப்பு இருந்த இடத்தில் அது.

"டுசெட் சார், கடை போயிடும். அது போனா நாங்க தெருவுலதான்" என்றேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க முகம் நல்ல முகம். ஊருக்கே தெரிஞ்ச முகம்" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் அவருடைய விளம்பரப் பலகைகள் நிற்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் என் படம். பக்கத்தில் தொண்ணூறாயிரம் என்ற எண். பதிலுக்குத் தன் பங்கில் ஆறாயிரத்தை விட்டுத்தருவார். கையில் எவ்வளவு வந்தது என்று மட்டும் நான் வெளியே மூச்சுவிடக்கூடாது. விட்டால் ஆறாயிரமும் திரும்பப் போய்விடும். கையெழுத்துப் போட்டேன்.

"உன் மூஞ்சிக்கு ஆறாயிரமா? நான் முப்பது வருஷமா சும்மா பாத்துட்டேன்" என்றான் அல்சீட், காரில் ஏறும்போது.

"யோவ், வாய மூடிட்டு வண்டிய எடு."

ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினேன். பாக்கியைக் கட்டினேன். ஏபேர் ரசீது கொடுத்துக் கையும் குலுக்கினார். கடை பிழைத்தது.

பலகை ஏறிய வாரமே சொந்தக்காரர்களுக்கெல்லாம் மூக்கில் வியர்த்துவிட்டது. அல்சீட்டின் தங்கச்சி மகனுக்குக் கார் வேண்டுமாம். சர்ச்சில் கூரை ஒழுகுகிறதாம், பாதிரியார் என்னைப் பார்த்துப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். இல்லை என்றேன். "பணம் வந்ததும் எர்லீன் மாறிட்டா" என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், கடை இருக்கிறதே என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏபேர் வந்தார். வரிசையில் நிற்காமல் நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ் எர்லீன், பலகையப் பாத்தேன். ரொம்ப சந்தோஷம். எனக்கும் வயசாச்சு, கட்டடத்த வித்துடலாம்னு இருக்கேன். டைகிரிக்காரன் ஒரு லட்சம் தர்றேன்னு நிக்கிறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பதினாறு வருஷம் சோறு போட்ட அம்மா இருக்காங்க, அவங்களுக்குத்தான் முதல்லனு சொல்லிட்டேன். உங்களுக்குத் தொண்ணூறு. பத்தாயிரம் எனக்கு நஷ்டம், பரவாயில்ல. திங்கக்கிழமை பணத்தோட வாங்க, அதுக்கு மேல அவன் காத்திருக்க மாட்டான்."

"இல்ல மிஸ்டர் ஏபேர், அவ்வளவு பணம்..."

"இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. தொகையத்தான் பலகையில எழுதிப் போட்டிருக்காங்களே."

உண்மை உதடு வரைக்கும் வந்தது. அந்த ஆறாயிரம்தான் அவருடைய பாக்கியாகப் போனது, வாயைத் திறந்தால் அதை டுசெட்டுக்குத் திருப்பித் தர நான் எங்கே போவேன்? விழுங்கிவிட்டேன். அல்சீட் தட்டுகளை அடுக்குகிறவன்போல முதுகைத் திருப்பிக்கொண்டான். வரிசையில் நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். எனக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள், பாவிகள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று ஏபேர் தட்டை நீட்டினார். சோற்றைப் போட்டேன். மீன் வைத்தேன். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார், அதையும் ஊற்றினேன். காசை எடுக்கப் பையில் கையை விட்டவர், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெறுங்கையை வெளியே எடுத்துக்கொண்டார். நான் அடுத்தவர் தட்டை வாங்கினேன். தொண்ணூறாயிரம் வைத்திருப்பவள் ஒரு தட்டுச் சோற்றுக்கா காசு கேட்பாள்?