செங்கல்வராயனின் வலது முழங்கை

சோழவரம் ஏரிக்குக் கீழே இருந்த அந்த ஊருக்குச் செங்கல்வராயன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து பத்து வருஷம் ஓடிவிட்டது. மாமனார் நிலத்தில் மாடாக உழைத்தான், ஊர்ச் சாவுகளுக்குத் தோள் கொடுத்தான், ஏரிக்கரை உடைந்தபோது மண் மூட்டை சுமந்தான். என்ன செய்து என்ன? இன்றுவரை அவன் பெயர் ‘செல்லியம்மாள் புருஷன்’தான்.

அறுபத்தெட்டாம் வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவில் அவனுக்கு ஒரு வழி பிறந்தது. பாரதக் கூத்தில் வில் வளைப்பு அன்று, கம்பத்து உச்சியில் கட்டிய மர மீனைக் கூத்தாடி அடிக்கக் கூடாது, ஊர் ஆள்தான் அடிக்க வேண்டும். முன்கூட்டியே போட்டி வைத்து, ஜெயித்தவன் கையில் காப்புக் கட்டுவார்கள். இந்த முறை செங்கல்வராயனும் நிற்கலாம் என்று ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் சுப்பராயன் சொல்லிவிட்டார். காப்பு மட்டும் கட்டிவிட்டால் அப்புறம் எவன் அவனை வெளியூர்க்காரன் என்பான்? எதிரே நின்றது செல்லியம்மாளின் பெரியப்பா மகன் தணிகாசலம் ஒருவன்தான்.

வில் பிடிக்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கால் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்ளலாம். நாண் மோவாயைத் தொட்டால் தெரிந்துவிடும். ஆனால் இழுக்கிற கையின் முழங்கை அம்புக்கு நேராக நிற்கிறதா, தொங்குகிறதா என்பது அவன் கண்ணுக்கு எட்டாது. பின்னால் நின்று ஒருவர் சொல்ல வேண்டும். செங்கல்வராயனுக்குச் சொல்ல, பெண்டாட்டியை விட்டால் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

விடிந்ததும் களத்து வைக்கோல் போரைப் பார்த்து எய்வான். பின்னால் செல்லியம்மாள்.

“முழங்கை இன்னாமே?”

“நேரா கீது. அப்டியே உடு.”

அம்பு போருக்குள் முழுசாகப் புதைந்துவிடும். அவள்தான் போய்ப் பிடுங்கி வந்து, “நடுவுலதான்யா பட்டுச்சி” என்பாள். பாவி மனுஷன் பூரித்துப் போவான்.

போட்டியன்று ஊரே பார்த்திருக்க, அவன் அம்பு மீனுக்கு மேலே எகிறிப் புளியமரத்துக்குள் போயிற்று. அடுத்ததும் அப்படியே. தணிகாசலம் மீனை அடித்தான். குலவைச் சத்தத்தில் செல்லியம்மாளின் குரல்தான் உரக்கக் கேட்டது.

சுப்பராயன் அவனைத் தனியே இழுத்தார். “இன்னா மாப்ளே, முழங்கை ஒரேடியா தொங்குது! இத்தினி நாளா யாரும் சொல்லல?”

வீடு திரும்பும் வழியில் வரப்பிலேயே செல்லியம்மாளை நிறுத்திக் கேட்டான். அவள் மறைக்கவில்லை.

“தெரிஞ்சிதான்யா சொன்னேன். தணிகாசலம் அண்ணனுக்குப் பொண்ணு குடுக்கப் பொதட்டூர்பேட்டைக்காரங்க யோசிச்சிக்கினு கீறாங்க. கோயில் காப்புக் கட்டினவன்னா சரின்னுடுவாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனேமே!”

சத்தியமாக ஒதுங்கியிருப்பான்.

“ஒன்ன இன்னாத்துக்குக் கேக்கணும்? ஊர்க் காப்பு ஊர்க்காரனுக்குத்தானேய்யா?”

கோபத்தில் சொல்லியிருந்தாலாவது ஆறியிருக்கும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உலை வைக்க நேரமாகிறது என்று முன்னால் நடந்தாள். ஊர் பேசிய பேச்சையெல்லாம் இத்தனை வருஷம் அவன் பொறுத்துக்கொண்டதே, இவள் அப்படி நினைக்க மாட்டாள் என்றுதான்.