பாடத்தின்படி விடை எழுதுக

உருளைக்கிழங்கால்தான் சண்டை தொடங்கியது.

மலைநகரான கோச்சபாம்பாவில், பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் சனிக்கிழமை காலைகளில் நில்டா நடத்திய வகுப்புக்கு ஒரே ஒரு வேலைதான். மேற்படிப்பு முடிக்கிற எவரும் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, கேட்ட கேள்விகளுக்குத் தங்கள் ஸ்பானிய மொழியிலேயே விடை எழுதித் தேற வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தால் போதும். பாடங்களை நில்டாவே பொறுக்கியெடுத்திருந்தாள்: கொஞ்சம் பொது அறிவியல், கொஞ்சம் வரலாறு. ஏற்கெனவே காதில் விழுந்த சங்கதியாக இருந்தால் ஆங்கிலம் பயமுறுத்தாது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது அவளுடைய அண்ணன் குரோவர் மாணவனாக வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

குரோவர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். அவர் பாடம் நடத்தினால் மூன்று வகுப்பறை தள்ளிக் கேட்கும். முதுகலைப் படிப்பு முடிந்தாகிவிட்டது, ஆய்வேடும் ஏற்கப்பட்டுவிட்டது. இந்த ஆங்கிலத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதில் இரண்டு தரம் தோற்றிருந்தார். ஆற்றை நீந்திக் கடந்தவர் கரையோரச் சேற்றில் வழுக்கிக் கிடக்கிற கதை.

அன்றைய பாடம் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு பரவிய வரலாறு. விவசாயிகள் அதைப் பயிரிட முதலில் ஏன் மறுத்தார்கள் என்பது கேள்வி. விடை இரண்டாம் பத்தியிலேயே இருந்தது: மண்ணுக்கடியில் விளைகிறது, வேதப் புத்தகத்தில் அதன் பெயரில்லை, ஆகவே பன்றிக்குத்தான் ஆகும் என்று நினைத்தார்கள். ஒரு வரி எழுதினால் முழு மதிப்பெண்.

குரோவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். விவசாயிகள் ஒருபோதும் மறுக்கவில்லை. எங்கள் முன்னோர்கள் இந்த மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைப் பயிரிட்டுத் தின்றிருக்கிறார்கள். எனவே கேள்வியே தவறு.

நில்டா அதற்குப் பூஜ்யம் போட்டாள். தாள் கைக்கு வந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, இதுல எந்த வரி பொய்னு சொல்லுங்க."

"எல்லாம் நெசந்தான் அண்ணே. ஆனா கேள்வி பாடத்தப் பத்தி."

"பாடம் யாரப் பத்தி?"

"ஐரோப்பாக்காரங்களப் பத்தி."

"கோளாறே அங்கதான்."

"மேல பாரு. 'பாடத்தின்படி விடை எழுதுக'ன்னு போட்டிருக்கேன்ல?"

"பாடம் சொல்லிட்டா ஆச்சா? நீ எனக்கு மூத்தவன்னு நாளைக்கு ஒரு பாடம் சொல்லும். அப்ப நான் உன்ன அக்கான்னு கூப்பிடணுமா?"

வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நில்டா கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க எதுவும் இல்லாத இடத்தை அழித்தாள்.

குரோவர் ஒருவரோடு போயிருந்தால் சமாளித்திருப்பாள். முதல் வரிசையில் சுல்மா இருந்தாள். மருத்துவமனை நர்ஸ். செங்கல் கனத்துக்கு ஓர் அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடுவாள். நேரம் முடியும்போது மூன்றாவது வரியில் இருப்பாள்.

"டீச்சர், 'ஆஃப்'னு ஒரு வார்த்தை. இதுக்கு அகராதியில ஒரு பக்கம் நிறைய அர்த்தம் போட்டிருக்கான். இங்க எது வரும்?"

"அத விட்டுட்டு மேல போ சுல்மா."

"ஊசி மருந்துல ஒரு சொட்ட விட்டுட்டு மேல போவமா டீச்சர்?"

இப்படியாக ஒருவர் பாடத்தைப் படிக்காமலேயே விடை எழுதினார். இன்னொருத்தி படித்துக்கொண்டே இருந்தாள், விடை எழுதவில்லை. மற்றவர்கள் இந்த இரண்டு கரைக்கும் நடுவில் மிதந்தார்கள்.

மறுநாள் அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. குரோவர் அந்த வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். செய்தி அவருக்கு முன்னாலேயே படியிறங்கி வந்திருந்தது.

"உங்கண்ணனுக்கு முட்டையா போட்டே?" என்றாள் அம்மா ஹெர்மினியா, சூப்பை ஊற்றிக்கொண்டே.

"நான் போடலம்மா. அவரே எழுதி வாங்கிக்கிட்டாரு."

"ஊரே அவன்கிட்டதான் வந்து சரித்திரம் கேக்குது. நீ உருளைக்கிழங்கப் பத்தி அவனுக்குச் சொல்லிக் குடுக்கறியா?"

"உருளைக்கிழங்கப் பத்தி இல்லம்மா. இங்கிலீஷ்."

"கேட்டது உருளைக்கிழங்குதானே?"

குரோவர் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, காரச் சட்னியில் தோய்த்து, தங்கையைப் பார்த்தபடியே மென்றார்.

அந்த வாரம் நில்டா பழைய பாடங்களை மூட்டை கட்டிவிட்டுத் தானே ஒன்று எழுதினாள். மலைமேல் ஓர் ஊர். அங்கே ஒரு சமையல்காரி. உயரமான ஊரில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் அவள் பானையில் தண்ணீர் எண்பத்தெட்டு டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால்தான் பயறு வேக அவ்வளவு நேரமாகிறது. எளிய ஆங்கிலம். பொய் ஒரு சொல்கூட இல்லை. கேள்வி: பாடத்தின்படி, சமையல்காரியின் பானையில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதித்தது? கண்ணைத் திறந்து பார்த்தால் போதும், எண் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

வகுப்பே நூறு என்று எழுதியது. சுல்மா மட்டும் எழுதவில்லை. அவள் 'சமையல்காரி' என்ற சொல்லில் நின்றிருந்தாள்.

தாள்களைப் புரட்டப் புரட்ட நில்டாவுக்குக் காது சூடேறியது. "இந்த நூறு எங்கேருந்து வந்துச்சு? யாராவது சொல்லுங்க."

"தண்ணி நூறுலதான் கொதிக்கும்" என்றார் குரோவர். "எட்டு வயசுப் புள்ளைக்குத் தெரியும்."

"இந்தப் பானையில அண்ணே. இந்தச் சமையல்காரியோட பானையில."

"அவ பானையில மட்டும் இயற்கை வேற மாதிரி நடக்குமா?"

"பாடத்தப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன். தப்பா இருக்கு."

புதன்கிழமை துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். டாக்டர் ஒப்லிதாஸ் நல்ல மனிதர், யார் மனமும் நோகக்கூடாது என்பவர். மேசைமேல் நில்டாவின் பாடம் கிடந்தது. மாணவர் ஒருவர் முறையிட்டிருக்கிறாராம், வகுப்பில் தவறான அறிவியல் புகட்டப்படுகிறதாம். பெயரைச் சொல்ல அவர் தயங்கினார். நில்டாவுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"டாக்டர், நீங்க இதப் படிச்சீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

"கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்."

அவர் இளமையில் இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்தவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் அழகாகப் படித்தார். உச்சரிப்பில் ஒரு பிசிறில்லை.

"சரி. அவ பானையில தண்ணி எத்தன டிகிரில கொதிச்சுது?"

"நூறு" என்றார் டாக்டர் ஒப்லிதாஸ்.

நில்டா தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் போட்டாள். "நம்ம ஊர்லயே பயறு வேகலன்னுதானே வீட்டுக்கு வீடு பிரஷர் குக்கர் வெச்சிருக்கோம் டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். அதுவும் இதுவும் வேறு என்றார் அவர். எதற்கும் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றும் சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வெளியே வந்தாள். அதற்குமேல் பேச அவளிடம் மூச்சில்லை.

மூச்சு அம்மா வீட்டுக்குப் போகிற வேனில் திரும்பி வந்தது. கீழே அம்மா "சாப்பிட்டியாடி?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மாடியேறினாள். குரோவர் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்னக் காட்டிக்குடுக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

"பொய்யச் சொல்லிக் குடுக்கறே. அதச் சொன்னேன்."

நில்டா தாளைப் பிரித்து அவர்முன் வைத்தாள். "சரி. பொய் எந்த வரியில இருக்கு? வெரல வை."

"எதுக்கு இப்ப?"

"வெரல வை அண்ணே. நூறுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு."

"கண்ணாடி கீழ இருக்கு."

கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது. அவர் அதைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ படிக்கவே இல்ல, இல்லையா?"

"படிக்காம என்ன" என்றார். பிறகு குரல் தணிந்தது. "மொத வரி படிப்பேன். ரெண்டாவதும் படிப்பேன். மூணாவதுக்குப் போறப்ப மொத வரி பறந்துடும். தெரிஞ்ச வார்த்தை ஒண்ணு கண்ணுல பட்டா ஓடிப்போய் அதப் புடிச்சிக்குவேன். உருளைக்கிழங்கு. தண்ணி. அப்புறம் நமக்குத் தெரிஞ்சத எழுதவேண்டியதுதான்."

"புரியலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? ஒன்கிட்டயா? ஒனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்குடுத்தவனே நான்தான்டி. அந்தப் பின்பெஞ்சுக்காரங்ககிட்டயா? அதுல ரெண்டு பேரு எங்கிட்டப் படிச்ச பசங்க." விடைத்தாள் கட்டைத் தட்டி நேராக்கினார். "தெரிஞ்சத எழுதிட்டா, பிடிவாதக்காரன்னுதான் சொல்லுவாங்க. தெரியாதவன்னு சொல்ல மாட்டாங்க."

நில்டாவுக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தாற்போல் நெஞ்சுக்குள் நிற்க, அவள் படியில் இறங்கிப் பாதியில் நின்று, திரும்பவும் மேலே ஏறினாள்.

"சனிக்கெழம வகுப்புக்கு வராதே. செவ்வாயும் வியாழனும் சாயந்தரம் நான் இங்க வரேன். ஆனா ஒண்ணு. சரித்திரம் கெடையாது."

அவர் பெருமையோடு அறிந்துவைத்திருந்த எதையும் அவள் பக்கத்தில் விடவில்லை. ஜிப்பு எப்படிப் பல்லைப் பல்லோடு கோக்கிறது, மின்மினிக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, செயற்கைக் கண்ணைக் கண்ணாடியில் எப்படி ஊதிச் செய்கிறார்கள் என்று தேடிக் கொண்டுவந்தாள். விடை சொல்லும் முன் விரலை அந்த வரியில் வைக்க வேண்டும். விரல் இல்லாத விடைக்கு மதிப்பில்லை.

"என்ன ஆறு வயசுப் பயலா ஆக்கிட்டே" என்றார் குரோவர் முதல் நாள்.

"ஆறு வயசுப் பய வெரல ஒழுங்கா வெப்பான்."

"இந்த ஜிப்பத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

"அதுதான் வேணும். ஒனக்கு அதுல ஒண்ணுமே தெரியக்கூடாது."

சண்டை போடாத மாலை ஒன்றுகூட இல்லை. ஒருநாள் அவர் தாளைச் சுருட்டி எறிந்தார். இன்னொரு நாள் நில்டாவே எறிந்தாள். மின்மினிப் பாடத்தில் அவர் சும்மா இருக்க முடியாமல் தம்முடைய சிறுவயதில் பார்த்த மின்மினிகளை விடைக்குள் கொண்டுவந்து சேர்த்தார். "வெரலு?" என்றாள் நில்டா. அவர் தாள் முழுக்கத் தேடிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அந்த வாக்கியத்தை அடித்தார். கீழேயிருந்து அம்மா, ரெண்டு பேரும் சின்ன வயசுலயே இதவிட ஒழுங்கா இருந்தீங்க என்று கத்தினாள்.

சனிக்கிழமை வகுப்பில் நில்டா சுல்மாவின் அகராதியைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சுல்மாவின் முகம், பிரசவ அறையில் விளக்கை அணைத்துவிட்டதுபோல் ஆனது. ஆனாலும் அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக ஒரு பாடத்தின் கடைசி வரியைப் பார்த்தாள்.

தேர்வன்று நில்டா அறைக்குள் போகக்கூடாது. சொந்த அண்ணன் என்பதால் தாளையும் வேறொருவர் திருத்தினார். கடல் பார்க்காத நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் ஆக்டோபஸைப் பற்றிய பாடம் வந்திருந்தது. குரோவருக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது. தாடியில் கைவைத்து, விரலை வரிமேல் ஓடவிட்டு, கடைசி ஆளாக வெளியே வந்தார். தேற ஐம்பத்தொன்று வேண்டும். முடிவு வந்த அன்று பார்த்தால், ஐம்பத்தெட்டு வாங்கியிருந்தார். பறிபோன மதிப்பெண்களில் பாதி திருத்தியவரின் தவறு என்று வீடு வரும்வரை நிரூபித்துக்கொண்டே வந்தார். நில்டா வேனின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுல்மா ஐம்பதில் நின்றுவிட்டாள். அடுத்த பருவத்துக்கு அன்றே பெயர் கொடுத்துவிட்டு, அகராதியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முயல் அடித்துச் சமைத்தாள். மேசையில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து குரோவர் ஆக்டோபஸ் ஆனார். அதற்கு மூன்று இதயம், நீல ரத்தம். தாய் முட்டையிட்டபின் இரை தேடப் போகாது, முட்டைமேல் நீரை விசிறிவிட்டபடி பட்டினி கிடந்து, குஞ்சு பொரிக்கிற சமயத்தில் செத்துப்போகும். மூன்று வகுப்பறைக்குக் கேட்கிற குரலில் சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அய்யோ பாவம். அப்புறம் அந்தக் குஞ்சுகள யாருடா பாத்துக்குவா?"

குரோவர் வாயைத் திறந்தார். அடுத்து வரப்போகிற சொற்பொழிவுக்காக நில்டா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவருடைய விரல் மேசைவிரிப்பின்மேல் ஒரு கோட்டில் மெல்ல நகர்ந்து, ஓரம்வரை போய் நின்றது.

"அது பாடத்துல இல்லம்மா" என்றார்.

"என்னடா இது. இவ்வளவு படிச்சிட்டு இதத் தெரிஞ்சுக்காம வந்திருக்கே" என்று அம்மா நில்டா பக்கம் திரும்பினாள். "நீ என்னதான்டி சொல்லிக் குடுத்தே இவனுக்கு?"