வந்த வீட்டுக்கே போன மீன்

தென்கொரியாவின் பூசான் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்த இறக்குமதி அலுவலகத்தில், அங்கே வேலை பார்த்த மிரானுக்குச் சகிக்காத நாற்றங்கள் பல. அவற்றில் முதலிடம், முதலாளி பியோன் 'உறவை வளர்த்துவிட்டு' வரும் மறுநாள் காலையின் ஏப்பத்துக்குத்தான். சரக்கு துறைமுகத்தில் மாட்டும்போதெல்லாம் சுங்க முகவர் குக்கை இழுத்துக்கொண்டு போவார். நெளியும் ஆக்டோபஸை அவர் வாயில் திணிப்பார், சோஜு சாராயத்தை ஊற்றுவார், கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடுவார். குக்குக்கோ வயிற்றுப்புண். என்ன ஜென்மமோ!

குக் கேட்டது விருந்தே அல்ல. சீனாவிலிருந்து இவர்கள் வரவழைப்பது கிம்ச்சி ஊறுகாய்க்கான மசாலா விழுது. அதில் மிளகாய் அளவுக்கு மேல் போனால் சுங்கத்தார் அதை வெறும் மிளகாயாகவே கணக்கில் எடுப்பார்கள். வரி பல மடங்கு ஏறிவிடும். அதனால் கப்பலில் ஏற்றும் முன் ஒரு டப்பா சாம்பிளைக் காட்டுங்கள் என்று கெஞ்சினார். பியோன் காட்டவில்லை. போன கோடையில் சரக்கு தடுக்கப்பட்டு வெயிலில் கிடந்து, விழுது புளித்துப் பொங்கி மூடிகள் தெறித்தன. அதைக் கழுவிவிடப் போனவள் மிரான். அதிகாரிகளிடம் ஏச்சு வாங்கியவர் குக்.

இப்போது குக் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: சாம்பிள் வராவிட்டால் சுங்கத் தாளில் கையெழுத்து இல்லை. வேறெந்த முகவரும் இவர்கள் சரக்கைத் தொடமாட்டார். கிம்ச்சி போடும் பருவம் நெருங்குகிறது. அதைத் தவறவிட்டால் கம்பெனிக்கு மூடுவிழாதான், மிரான் வேலைக்கும் சேர்த்து.

"முதலாளி, உறைபெட்டிச் சாவியக் குடுங்க. சாம்பிள் அதுலதான இருக்கு, ஒரே ஒரு டப்பா குடுத்துட்டு வந்துடறேன்."

"உனக்கு மூளை இருக்காம்மா? குக் வாயில வச்சுப் பாத்தான்னா மிளகாய்னு கண்டுபிடிச்சுருவான். சூசோக் பண்டிகை வருதுல்ல, நல்ல பரிசாக் குடு. ஆள் குளுந்துருவான்."

அவரே உறைபெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். வைக்கோலில் கோத்த உப்புக் கருவாடு. யாரோ புத்தாண்டுக்குக் கொடுத்தது. புதிய பட்டுத்துணியில் சுற்றச் சொல்லிவிட்டு, சாவியை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

குக்கின் அலுவலகத்தில் பெட்டியை நீட்டும்போதே மிரானுக்குக் கை கூசியது. அவர் துணியை அவிழ்த்தார், மீன் சரத்தைத் தூக்கினார், முடிச்சைப் பார்த்தார். பிறகு முகர்ந்தார். முகம் கோணிப்போயிற்று.

"இது யார் கட்டினதுன்னு தெரியுமாம்மா? எங்க மாமியார். வைக்கோலுக்கு நடுவுல நீலக் கயிறு விட்டுக் கட்டுறது அவங்க மட்டுந்தான். புத்தாண்டுக்கு உங்க முதலாளிக்கு நான் குடுத்த மீன் இது."

மிரானுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. "மன்னிச்சுடுங்க சார்" என்றாள்.

"உன்னச் சொல்லி என்ன பிரயோசனம்? மிளகாய் கூடியிருந்தா முன்னாடியே சொல்லு, ஃபேக்டரியில சொல்லிக் கொறச்சுக்கலாம். இங்க வந்து எறங்கினப்புறம் நான் என்ன பண்ண முடியும்? அடுத்த வாரம் கப்பல்ல ஏத்துறாங்க. அதுக்குள்ள டப்பா வந்தா நான் இருக்கேன். இல்லன்னா நமஸ்காரம். இந்தக் கர்மத்த எடுத்துட்டுப் போ."

திரும்பும் பேருந்தில் அந்தப் பெட்டி மடியில் கனத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். மிரானுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. முதலாளி மேலும், அவருக்காக இளித்துக்கொண்டு அதைத் தூக்கிச் சுமந்த தன்மேலும்.

மதியம் அலுவலக அடுப்பில் அவளே மீனைச் சுட்டாள். புகை மஞ்சளாகக் கிளம்பியது. சாயம் போன தோலில் பழைய எண்ணெய் கசிந்தது. இஞ்சியைத் தாராளமாகத் தூவி, சோற்றோடு பியோன் முன்னால் வைத்தாள்.

"அட, கருவாடா!" என்று பியோன் பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டார். இரண்டு மெல்லு மென்றதும் அப்படியே நிறுத்தினார். கண்ணில் நீர் முட்டியது.

"சீ! என்ன எழவு இது? பொணமாட்டம் நாறுது! எவன் குடுத்தது?"

"குக் சார் குடுத்ததுதான், புத்தாண்டுக்கு. நாம இன்னைக்கு அவருக்கே சூசோக் பரிசா அனுப்பினோம் முதலாளி. அவங்க மாமியார் போட்ட முடிச்சப் பாத்ததும் கண்டுபிடிச்சுட்டார்."

பியோனின் வாய் திறந்தபடி நின்றது. மென்ற மீன் நாக்கிலேயே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, அவள் எதிரில் துப்பவும் முடியவில்லை. காது மடல் வரை சிவந்தார்.

"மோந்து பாத்தாரா?" என்று முனகினார்.

"நல்லா மோந்து பாத்தார்."

"தண்ணி... கொப்பளிக்கத் தண்ணி குடு."

மிரான் குவளையை நிரப்பினாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள்.

"முதல்ல சாவி."