தகரத்துக்குள் கிடந்த கோபம்

திரேசம்மாவின் படம், ஈரம் காய்வதற்குள், அதை எடுத்த யோசெப்பின் முன்பற்கள் இரண்டை உடைத்தது. அது 1986 மார்ச் மாதம், மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில், படம் கழுவும் இருட்டறையாக மாற்றிய ஒரு மூன்றாம் மாடிக் குளியலறை. யோசெப் வாயைக் கொப்புளித்துவிட்டு, படத்தைக் குறட்டால் பிடித்து பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, மூடியை நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். மற்றப் படங்களும் அதற்குள்தான் கிடந்தன.

மட்டக்களப்பில் கல்யாணப் படம் எடுத்துத் திரிந்தவனுக்கு இந்தக் கைராசி மொன்ட்ரியாலுக்கு வந்த பிறகுதான் பிடித்தது. கொதித்துக்கொண்டு வருகிறவரைப் படம் எடுத்தால் கொதிப்பு படத்துக்குள் போய்விடும். ஆள் சாதுவாக வீடு திரும்புவார். டோர்வல் விமான நிலையத்தில் விமானக் கக்கூஸ் கழுவிய குணரத்தினம், மேற்பார்வையாளனைக் குத்தப் போகிற வழியில் இங்கே ஏறி ஒரு படம் எடுத்துவிட்டு, கத்தியை யோசெப்பின் குசினியிலேயே வைத்துவிட்டுப் போனார். பெண்டாட்டியின் கையை முறித்த கிருபானந்தனை, அவளே மற்றக் கையால் சட்டையில் பிடித்து இழுத்து வந்தாள். அன்று மாலை அந்த வீரன் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். படங்கள் தகரத்துக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரி தும்புத்தடியால் மேலே இடிப்பாள். ஆறு மாதத்தில் அவளும் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

திரேசம்மாவின் மகன் கிளமென்றை ஊரில் ஜீப்பில் வந்தவர்கள் சந்தை வாசலில், அவள் கண்முன்னே சுட்டுப்போட்டார்கள். இங்கே வந்த பிறகு அவள் கையில் அகப்பட்ட பீங்கான் ஒன்றும் தப்பவில்லை. அறையில் கூட இருந்த புஷ்பராணியின் மண்டையில் ஏழு தையல். ஆகவேதான் புஷ்பராணி அவளை யோசெப்பிடம் கூட்டிவந்தாள். படம் எடுத்த அன்று திரேசம்மா பதினாறு மணி நேரம் தூங்கினாள்.

ஏப்ரலில் அகதி விசாரணை. மகனைக் கொன்ற கதையை அவள் பஸ் இலக்கம் சொல்வதுபோலச் சொன்னாள். தாய் ஒருத்தி இவ்வளவு அமைதியாகச் சொல்லமாட்டாள், எனவே நம்பத்தக்கதல்ல என்று அதிகாரி எழுதினார். அந்த மனுஷனையும் குறை சொல்ல முடியாது; அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. மகனை நினைத்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மேன்முறையீடு ஒக்டோபரில். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"தம்பி, என்ட கோவத்தத் தா," என்று வந்து நின்றாள்.

"அக்கா, அது இப்ப தனியக் கிடக்கு. மத்தப் படம் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுது. உங்களையும் விடாது."

"ஓம், விடாது. தா."

ஒக்டோபர் விசாரணைக்குப் படத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோனாள். மெட்ரோவில் ஒரு கண்ணாடி வெடித்தது. விசாரணை அறையில் அதே கதையை அதே குரலில் சொல்லி முடித்து, துவாயை அவிழ்த்தாள். படம் எழும்பி முதலில் தண்ணீர்க் குவளையையும், பிறகு ஒலிப்பதிவுக் கருவியையும், பிறகு அதிகாரியின் மூக்கையும் உடைத்தது. மேசையை இரண்டாகப் பிளந்தது. சுவரில் மோதி மோதி, சாந்து உதிர்ந்து செங்கல் தெரிந்த பிறகே கீழே விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் கதிரைக்கு அடியில் கிடந்தார். அதிகாரி கைலேஞ்சியால் இரத்தத்தை ஒற்றியபடி, முதல் விசாரணையில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"மகனுக்குப் பேர் என்னவாம்?" என்று மொழிபெயர்ப்பாளர் கதிரைக்கு அடியிலிருந்தே தமிழில் சொன்னார்.

"கிளமென்ற். பத்தொன்பது வயசு."

அவளை ஏற்றுக்கொண்டார்கள். படத்தைத் தகரத்தில் பூட்டி வைக்கிறேன் என்று யோசெப் எவ்வளவோ கேட்டான். அவள் கொடுக்கவில்லை, புதிதாக எடுத்த வீட்டின் அடுக்களையில், மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். கிழமைக்கு ஒருமுறை அது இறங்கிவந்து அடுக்களையை நொறுக்கும். சில நாள் அவளையும் அடிக்கும். அந்த நாட்களில் மட்டும் மகனுக்காக வாய்விட்டு அழ முடிந்தது. பிறகு எழும்பி, படத்தைத் துடைத்து மாட்டிவிட்டுச் சோறு வைப்பாள். கோப்பைகளை மட்டும் பிளாஸ்டிக்கில் வாங்கிக்கொண்டாள்.