உசுயியின் முதுகுக்குப் பின்னால்

ஷிராத்தோ மீன்பிடித் துறைமுகம். மீனை டின்னில் அடைக்கும் இரண்டு தொழிற்சாலைகள், ஒரு ரயில் நிலையம், வருஷத்தில் பாதி நாள் ஓயாத கடல்காற்று. இவ்வளவுதான் ஊர். அந்த ஊரின் கால்பந்து அணி வெலா ஷிராத்தோ முதல் பிரிவுக்கு ஏறியது முந்தின வருஷம்தான். ஏறிய வருஷம் எப்படியோ தட்டுத்தடுமாறித் தப்பித்தது. அடுத்த வருஷம் பிப்ரவரியில், மைதான ஓரங்களில் ஒதுக்கிக் குவித்த பனி கரைவதற்கு முன்பே தோற்கத் தொடங்கிவிட்டது. ஜூலையில் மழைக்காலம் முடிந்தபோது இருபது அணிகளில் கடைசிக்கு முந்தின இடம். டிசம்பரில் கடைசி மூன்று அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியாக வேண்டும்.

கோல்கீப்பர் நிஷிகோரிக்கு முடிவெட்டும் கடையில்கூட நிம்மதி இல்லை.

"போன வாரம் அந்த ரெண்டாவது கோலுக்கு எங்க பாத்துட்டு இருந்தீங்க?" என்று கடைக்காரர் கத்தரிக்கோலைக் காதருகே வைத்துக்கொண்டு கேட்பார்.

"பந்தைத்தாங்க பாத்தேன்."

"அதான் தப்பு. பாக்குறதுக்கு நாங்க காசு குடுத்து வந்து உக்காந்திருக்கோம். நீங்க பிடிக்கணும்."

இதையெல்லாம் சிரித்துக் கடக்க நிஷிகோரி கற்றுக்கொண்டது ஓகிதாவிடமிருந்து. ஓகிதா மசாசுமி அணியின் கேப்டன், தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். வயது முப்பத்து நான்கு. அணி மூன்றாம் பிரிவில் கிடந்த காலத்தில் காலையில் தொழிற்சாலையில் மீன் பெட்டி தூக்கிவிட்டு மதியம் பயிற்சிக்கு வந்தவர். தூக்கி அடிக்கும் பந்து எதுவானாலும் அவர் தலை அங்கே இருக்கும். நிஷிகோரி அந்தத் தலைக்குப் பின்னால் ஐந்து வருஷமாக நின்றுகொண்டிருந்தான்.

ஆகஸ்டில், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் ஒரு சனிக்கிழமை, சொந்த ஊரில் ஆட்டம். ஒன்றுக்குச் சைபர் என்று வெலா முன்னால் இருந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லை. எதிரணியின் கார்னர் பந்து வந்தது. ஓகிதா எழும்பினார். எதிரணி ஆளும் எழும்பினான். இரண்டு தலையும் மோதிய சத்தம் நிஷிகோரிக்குத் தெளிவாகக் கேட்டது, மரக்கட்டையும் மரக்கட்டையும் மோதினாற்போல. அந்த ஆள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஓகிதா விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தார். கண் திறந்துதான் இருந்தது.

பிசியோ உசுயி பையோடு ஓடி வந்தான். கல்லூரி முடித்து இரண்டு வருஷம் ஆன பையன். முழங்காலிட்டு, தலையில் அடிபட்டவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்டான்.

"ஓகிதாசான், இது எந்த மைதானம்?"

"நம்ம மைதானம்."

"முதல் பாதியா, ரெண்டாவதா?"

 ஓகிதாவின் பார்வை உசுயியின் தோளைத் தாண்டி, தண்ணீர் பாட்டிலோடு நின்ற நிஷிகோரிமேல் வந்து நின்றது. நிஷிகோரி இடுப்பருகே கையுறை போட்ட கையில் இரண்டு விரலை நீட்டினான்.

"ரெண்டாவது."

"போன வாரம் ஜெயிச்சோமா?"

நிஷிகோரி லேசாகத் தலையை ஆட்டினான், இல்லை என்று.

"தோத்தோம். எப்பதான் ஜெயிச்சோம்?" என்றார் ஓகிதா. உசுயி சிரித்துவிட்டான்.

நிஷிகோரி யோசித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. தடுப்பு வரிசையில் ஒருவனுக்கு அன்று ஆடத் தடை, இன்னொருவனுக்குத் தொடையில் காயம். பெஞ்சில் இருந்தது பதினெட்டு வயதுப் பிள்ளை. கோட்டுக்கு வெளியிலிருந்து கோச் கனெமாரு, "எழுந்தாச்சா? எழுந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோலுக்குப் பின்னால் ரசிகர்கள் முரசு அடித்து ஓகிதாவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓகிதா எழுந்தார். மைதானம் முழுக்கக் கைதட்டியது. ஆட்டம் அப்படியே ஒன்றுக்குச் சைபரில் முடிந்தது.

குளிக்கும் இடத்தில் ஓகிதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டேய் நிஷி, கோல் யாருடா போட்டது?"

"நீங்கதான் பாஸ் குடுத்தீங்க, எபினா போட்டான்."

"ஆமால்ல," என்று தலையைத் தண்ணீருக்கு அடியில் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் சத்தத்துக்கு நடுவில், "இதையெல்லாம் எங்க வீட்டுல யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத," என்றார்.

செப்டம்பர் வந்தது. ஓகிதா ஒரு நாள் பயிற்சியில் நிஷிகோரியின் அருகே வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்: "உயரமா வர்ற பந்து எனக்குக் கொஞ்சம் லேட்டாத் தெரியுது. வெளிச்சத்துல ரெண்டா தெரியுது. நீ சொல்லிடு. வலது, இடது, பின்னால. அது போதும்."

"டாக்டர்கிட்ட போய்க் காட்டலாமே."

"காட்டினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? இந்த வருஷம் முடியட்டும். முடிஞ்சதும் நானே போறேன்."

அதிலிருந்து நிஷிகோரி ஆட்டம் முழுக்கக் கத்தினான். "வலது! பின்னால! விடுங்க, விடுங்க!" ஓகிதா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார், எழும்பினார், அடித்தார். ஒரு ஆட்டம் சமன், இன்னொன்றும் சமன், பிறகு ஒரு வெற்றி. அணி ஒவ்வொரு படியாக மேலே வந்தது. பத்திரிகையில் நிஷிகோரியின் படம் போட்டு, வெலாவுக்குப் புதிதாக ஒரு குரல் கிடைத்திருக்கிறது என்று எழுதினார்கள். முடிவெட்டும் கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றார்.

உடை மாற்றும் அறையில் ஓகிதா இரண்டு முறை எபினாவின் அலமாரியைத் திறந்து அவன் சட்டையை எடுத்தார். "கேப்டன், வயசானா கண்ணும் போயிடுமா? இல்ல, என் நம்பர்மேல ஆசையா?" என்று எபினா சீண்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஓகிதாவும் சிரித்தார். நிஷிகோரி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான்.

அக்டோபரில் உசுயி நிஷிகோரியின் தோளை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான்: "நிஷிகோரிசான், ஓகிதாசான் நல்லா இருக்காரா? கேட்டா எல்லாம் சரின்னு சொல்றார். உங்ககிட்டதானே மனசு விட்டுப் பேசுவார்."

நிஷிகோரி குப்புறப் படுத்திருந்தான். முகம் தெரியவில்லை. அது வசதியாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கார். உன்னைவிட நல்லாத் தூங்குறார்."

"அப்படின்னா சரி," என்றான் உசுயி. அவன் கை பழையபடி நகர ஆரம்பித்தது. முதல் பொய்யாவது கண நேரத்தில் வந்தது. இந்த இரண்டாவதைச் சொல்ல நிஷிகோரிக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

அந்த மாதமே ஓகிதா கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மனைவி சயோகோ கொண்டுவந்து விடுவாள், கூட்டிப்போவாள். ஒரு நாள் பயிற்சி மைதான வாசலில் அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். நிஷிகோரி அருகே போய்க் குனிந்து வணக்கம் சொன்னான். பின் இருக்கையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சயோகோவின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அவனும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இரண்டு பேரும் மற்றவருக்கு இடம் கொடுத்து நிறுத்தினார்கள்.

"குளிர் வந்துடுச்சில்ல," என்றாள் சயோகோ.

"ஆமாங்க. இந்த வருஷம் சீக்கிரமே வந்துடுச்சு," என்றான் நிஷிகோரி.

டிசம்பர் முதல் வாரம் கடைசி ஆட்டம், சொந்த ஊரில். தோற்காமல் இருந்தால் போதும், முதல் பிரிவில் தங்கிவிடலாம். தொழிற்சாலைகள் மதியத்தோடு மூடினார்கள். மழையும் பனியுமாகக் கலந்து கொட்டியது. சைபருக்குச் சைபர் என்றே ஆட்டம் இழுத்துக்கொண்டு போனது. நிஷிகோரிக்குக் குரல் கட்டிவிட்டது. முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது எதிரணிக்கு ஒரு கார்னர்.

பந்து கோலுக்கு நெருக்கமாக வளைந்து வந்தது. அது கீப்பருடைய பந்து. அவன், "எனக்கு! எனக்கு!" என்று கத்திக்கொண்டே வெளியே பாய்ந்து கையை முஷ்டியாக்கி ஓங்கினான். அந்தக் குரலைக் கேட்டால் ஓகிதா விலக வேண்டும், இத்தனை வருஷமும் விலகியிருக்கிறார். அன்று குரல் போய்ச் சேரவில்லையோ, சேர்ந்தும் புரியவில்லையோ, அவர் எழும்பினார். நிஷிகோரியின் முஷ்டி பந்தை உரசிக்கொண்டு போய் ஓகிதாவின் நெற்றிப்பொட்டில் இறங்கியது.

பந்து நழுவிக் கீழே விழுந்தது. எதிரணியில் யாரோ ஒருவன் காலால் தட்டிக் கோலுக்குள் விட்டான்.

ஓகிதா தரையில் கிடந்தார். இரண்டு கையும் முழங்கையில் மடங்கி விறைத்து, மேலே நின்றன. நிஷிகோரி கோலைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்தான். இந்த முறை உசுயி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சருக்குக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

மீதி ஆட்டம் நடந்தது. ஒன்றும் மாறவில்லை; வெலா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று பார்வையாளர்களை நோக்கிக் குனிந்தார்கள். அணி நிர்வாகத்தின் தலைவர் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார். முரசு ஓய்ந்திருந்தது. பனியில் நனைந்தபடி யாரும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் மட்டும், "ஓகிதாவுக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல," என்று கத்தினார். 

ஓகிதாவின் மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. திறந்து எடுத்தார்கள். உயிர் தப்பியது. கால்பந்து முடிந்தது. மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இது ஒரே நாளில் வந்ததில்லை, பழைய கசிவும் இருக்கிறது என்று சயோகோவிடம் சொன்னதாகப் பேச்சு வந்தது. உசுயி வேலையை விட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டான். எல்லாக் கேள்வியும் கேட்டேன், எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார் என்று அவன் அழுதானாம்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் தெற்கே பெரிய ஊர் அணி ஒன்று நிஷிகோரியைக் கூப்பிட்டது. முதல் பிரிவு அணி. அந்தக் குரலைத்தான் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். அவன் சரி என்றான்.

கிளம்புவதற்கு முன் ஜனவரியில் ஓகிதாவின் வீட்டுக்குப் போனான். வெளிச்சம் படக்கூடாது என்று பகலிலேயே திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். ஓகிதா, போர்வை மூடிய தாழ்ந்த கணப்பு மேஜைக்கு அடியில் காலை நீட்டிக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு பக்கம் முடி புதிதாக முளைத்திருந்தது. சயோகோ டீயும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து வைத்தாள்.

நிஷிகோரி பாயில் நெற்றி படக் குனிந்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். விரலைச் சொன்னான், தலையாட்டியதைச் சொன்னான், குப்புறப் படுத்துக்கொண்டு உசுயியிடம் சொன்னதையும் சொன்னான்.

ஓகிதா ரொம்ப நேரம் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆகஸ்டா? அந்த ஆட்டம் எனக்கு ஞாபகமே இல்லடா. ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம்."

"அப்புறம் என்ன. உன் இடத்துல நான் இருந்தா நானும் விரலைக் காட்டியிருப்பேன்."

"அதுதான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்கிற கோளாறு," என்றாள் சயோகோ.

அவள் குரல் உயரவில்லை. தட்டில் தோலை ஒதுக்கிவைத்தாள்.

"தினம் காலையில வாந்தி எடுத்தாரு. பிள்ளை பேரை மறந்துட்டு முழிச்சாரு. வெளியில சொன்னா வீட்டை விட்டுப் போயிடுவேன்னாரு. அன்னிக்குக் கார்ல உங்ககிட்ட கேக்கத்தான் கண்ணாடியை இறக்கினேன். தினமும் பக்கத்துல இருக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

"நானும், வீட்டுல தெரியாமலா இருக்கும்னு..." என்று நிஷிகோரி நிறுத்தினான்.

"குளிரைப் பத்திப் பேசினோம்," என்றாள் அவள்.

 ஓகிதா உரித்த பழத்தில் பாதியை நிஷிகோரியிடம் நீட்டினார். அவன் வாங்கித் தின்றான். 

"போடா, போய் நல்லா ஆடு," என்றார் ஓகிதா. "தெற்குல பனி கிடையாது. உனக்கு ஜாலிதான்."

வழியனுப்ப அவர் வாசல்வரை வந்தார். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். நிஷிகோரி காரில் ஏறி, கண்ணாடி வழியாகக் குனிந்தான். அவரும் குனிந்தார். வந்தவரின் கார் தெரு முனையில் மறையும்வரை நின்றிருப்பதுதான் மரியாதை, அவர் நின்றார். அவர் உள்ளே போகாமல் வண்டியை எடுக்க இவனுக்கு மனம் வரவில்லை. படியில் பனி உறைந்து கிடந்தது, வழுக்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று இவன் காத்திருந்தான். அவர் இன்னொரு முறை குனிந்தார். இவனும் குனிந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. எதற்காக வெளியே வந்தோம் என்று தேடுவதுபோல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். காரைப் பார்த்தார், யாருடைய கார் என்பதுபோல.

சயோகோ செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். கணவரின் சட்டைக்கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி உள்ளே கூட்டிப்போனாள். காரின் பக்கம் அவள் பார்க்கவில்லை. கதவு சாத்திய பிறகும் நிஷிகோரி கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு, வண்டியை எடுத்தான்.