அடுத்தவர் நிரை

"சொல்லுங்கோ பெரியப்பா, பிறகு என்ன நடந்தது?" என்று சிவலட்சுமி ஒலிப்பதிவுப் பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள்.

கணபதி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பொறகா? பொறகு ஒன்னுமில்ல புள்ள. ஆத்தங்கரைக்கு வந்துட்டோம். மீனம்மா கையில லாம்பு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"ஆறு தாண்டினதைச் சொல்லேல்லையே?"

"அவ்வளவுதாங்கிறேன்ல" என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். பெட்டி மட்டும் கடமை தவறாமல் அவர் செருப்புச் சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதக் கடைசி அது. இரணைமடுக் குளத்து வாய்க்காலை ஒட்டி, காட்டை வெட்டி வெளியாக்கிக் குடிசை போட்டிருந்தவர்கள் எல்லாரும் எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டவர்கள். சிவலட்சுமியும் அவர்களில் ஒருத்திதான். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அகதிகளுக்கு உதவ வந்த யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருவர், பிள்ளை படிக்கிற பிள்ளை என்று கண்டு, வந்த அடுத்த மாதமே கூட்டிக்கொண்டுபோய் விடுதியில் சேர்த்துவிட்டார். இப்போது பல்கலைக்கழகத்தில் மொழியியல் கடைசி ஆண்டு. இந்த மக்களின் பேச்சுவழக்கையும் அவர்கள் கதை சொல்லும் விதத்தையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை கொடுத்தால்தான் பட்டம். அதற்காகத் துறையில் இரவல் வாங்கிய பெட்டியோடு வந்திருந்தாள். ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் இராணுவத்தான் ஒருவன் அதைத் திறந்து, உள்ளேயிருந்த கசெற்றை ஓடவிட்டு, வெறும் இரைச்சலைத் தவிர ஒன்றும் வராத ஏமாற்றத்தோடு திருப்பிக் கொடுத்தான்.

அவள் வந்து இறங்கியதும் குடியிருப்பே அவளுடைய யாழ்ப்பாணப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. "சொல்லுங்கோவாம்! இருங்கோவாம்! நம்ம பழனியாண்டி மகளப் பாருங்கோ!" என்று பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. மற்றவர்களின் பேச்சை ஆராய வந்தவளின் பேச்சைத்தான் முதலில் ஆராய்ந்து முடித்திருந்தார்கள்.

வேலை மட்டும் நகரவில்லை. விரிவுரையாளர் யோகநாதன் அனுப்பும்போதே சொல்லியிருந்தார். "ஒரு ஆள் துவக்கத்திலையிருந்து முடிவு வரைக்கும் சொன்ன கதை வேணும் பிள்ளை. துண்டு துண்டா இருந்தா அமைப்பு விளங்காது." இங்கே கிடைத்ததெல்லாம் துண்டுதான். தோட்டத்தை விட்டு ஓடிவந்த அந்த ஒரே இரவைப் பற்றித்தான் எல்லாரிடமும் கேட்டாள். முதலில் சொன்னவர் ராசு. ரோட்டோரம் பதுங்கி வந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "மதகுக்குக் கீழ ரெண்டு பேரு போனாங்க. அது வரைக்கும் பாத்தேன்" என்று நிறுத்திவிட்டார். அந்த இரண்டு பேர் சிவலட்சுமியும் அவள் அம்மா வீரம்மாவும். தன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு நிறுத்திவிட்டார் என்று நினைத்து அவளும் அவசரமாகப் பெட்டியை அணைத்தாள். பிறகு மீனம்மா, அவளும் பாதியில். இன்று கணபதி. சங்கிலி என்பவர் வாயே திறக்கவில்லை. "என்னுது இன்னும் வரல்லம்மா" என்று கும்பிடு போட்டார். கூச்சம் என்று அவள் விட்டுவிட்டாள்.

அதே வார்த்தையை அப்பாவும் சொன்னபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "என்னுது இன்னும் வரல்ல" என்றார் பழனியாண்டி, மண்வெட்டியின் பிடியைச் சரிபார்த்தபடி. பக்கத்து ஊர் வயற்காரர் வீரகத்தியரிடம் கூலிவேலை செய்து, கிடைத்ததில் மிச்சம் பிடித்து, வருடத்துக்கு ஒருதரம் ஒரு பை கச்சான் கடலையோடு விடுதி வாசலில் வந்து நிற்பவர். "சாப்பிட்டியா?" என்பார். "நல்லாப் படி" என்பார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விடுவார். அம்மா பெயரை ஒருநாளும் எடுத்ததில்லை. அந்த இரவில் மதகுக்கடியில் அம்மாவோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். அப்பாவும் இன்னும் சில ஆண்களும் லொறி தேடி முன்னால் போயிருந்தார்கள். விடிந்து அப்பா வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. எப்படிப் போனாள், என்ன சொன்னாள் என்று எட்டு வருடத்தில் ஒரு வார்த்தை கேட்காத மனிதரை என்னவென்று நினைப்பது? மறந்துவிட்டார் என்று சில வருடம் நினைத்தாள். உதவிக்குக் கூப்பிடாமல் பேசாமல் இருந்துவிட்டாளே என்று தன்மேல் கோபமாக்கும் என்று சில வருடம் நினைத்தாள். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் தாங்க முடியாது என்பதால் அவளும் கேட்கவில்லை.

வருடப்பிறப்புக்கு மறுநாள் மத்தியானம், அப்பா வாய்க்கால் பக்கம் போனபின், பதிவுகளை எழுதிய தாள்களைப் பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். வெக்கை மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனி வரியாக வெட்டி எழுதியிருந்தாள். முதலில் கண்ணில் பட்டது ஓர் இல்லாமை. இந்தச் சனம் அன்றாடப் பேச்சில் சொல்லின் கடைசியில் ஓர் 'ஆம்' போடாமல் மூச்சு விடாது. அவ ஓடிப்போயிட்டாளாம், இவன் மாடு வாங்கிட்டானாம், மல்லாவிச் சந்தையில மொளகா வெல எறங்கிருச்சாம். கேள்விப்பட்டதைச் சொல்வதில் அவர்களை வெல்ல ஆள் கிடையாது. ஆனால் அந்த இரவைப் பற்றிய பேச்சில், மூன்று பேரின் தாள்களிலும், ஓர் 'ஆம்' கூட இல்லை. 'சொன்னாங்க' இல்லை. 'போல' இல்லை. பார்த்தேன், பிடிச்சேன், கேட்டேன், ஏறினேன், இவ்வளவுதான்.

தற்செயலாக இருக்கும் என்று மறுபடி தேடினாள். தற்செயல் இல்லை. இது என்ன கட்டுப்பாடு, யார் போட்டது என்று யோசித்துக்கொண்டே கணபதியின் கடைசித் தாளை எடுத்தாள். 'மீனம்மா கையில லாம்பு இருந்துச்சு.' பக்கத்தில் மீனம்மாவின் முதல் தாள் கிடந்தது. 'என் கையில லாம்பு இருந்துச்சு' என்று அது தொடங்கியது. மீனம்மாவின் கடைசி வரியைத் தேடி எடுத்தாள். 'எங்களுக்குப் பின்னால ராசு ரோட்டுப் பக்கம் ஏறினான்.' ராசுவின் முதல் வரி: 'நா ரோட்டுப் பக்கம் ஏறினேன்.'

தாள்களை நம்பாமல் கசெற்றுகளைப் போட்டுப் பார்த்தாள். வேறு வேறு நாளில், வேறு வேறு வீட்டில், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காமல் சொன்னவை. முன்பின்னாகப் பதிந்ததால் அவளுக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது. இப்போது வரிசைப்படி கேட்டால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எடுப்பதுபோல் ஒரே கதை ஓடியது. படித்த புத்தகம் எதிலும் இப்படி ஒன்று இல்லை. முடிக்கத் தெரியாதவர்கள் என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்ததை நினைத்து வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தையும் மீறி வியப்பு அவளைப் பிடித்து உலுக்கியது. பள்ளிக்கூடத்து வாசலைச் சரியாக மிதிக்காத சனம், எவரும் முழுதாகச் சொல்லாத ஒரு கதையை இத்தனை வருடம் ஒரு வார்த்தை சிந்தாமல் வைத்திருக்கிறது!

அடுத்து ராசுவின் கடைசி வரி. அதைத் தொடரும் தாள் எதுவும் பாயில் இல்லை. அவள் எழுந்து மீனம்மா வீட்டுக்கு ஓடினாள்.

மீனம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிவலட்சுமி மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இதில் என்ன அதிசயம் என்பதுபோல் பார்த்தாள்.

"கொழுந்து எடுக்கறப்ப எப்படி? அவங்கவங்களுக்கு ஒரு நெர. அடுத்தவ நெரையில கை வச்சா சண்ட தான வரும்? அது மாதிரித்தான்." சுளகை ஒருதரம் தட்டினாள். "வவுனியாவுல பள்ளிக்கூடத்துல அகதியா இருந்தோமே, அங்க ஒருத்தன் எல்லாத்தையும் தானே பாத்த மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். மூக்காயி மகன் லொறியில ஏறிட்டான்னு சொன்னான். அவ நம்பி, வர்ற லொறியெல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டு ரோட்டுலயே நின்னா. மாசக்கணக்கா நின்னா, பாவி. அவன் ஏறவே இல்ல தாயி. பொறகுதான் எல்லாருமா உக்காந்து பேசுனோம். பாத்தது வரைக்கும் சொல்லு, அதுக்கு மேல பாத்தவங்க சொல்லட்டும்னு."

"அப்ப ராசு மாமாவுக்குப் பிறகு ஆர்?"

மீனம்மாவின் கை நின்றது. "நீதான். வேற யாரு? மதகுக்குக் கீழ நாங்களா இருந்தோம்?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"நீ எங்க இருந்த? கொழந்தப் புள்ள, படிக்கப் போயிருச்சு. வரட்டும்னு இருந்தோம்."

சிவலட்சுமி கேட்க வேண்டியது இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்கப் பயமாக இருந்தது. "அப்பா?"

"ஒனக்கு அடுத்த நெர அவருது. நீ எடுக்காம அவரு எப்படிப் புள்ள எடுப்பாரு? அவருக்கு அடுத்தது சங்கிலி அண்ணன். எல்லாரும் ஒனக்காகத்தான் நிக்கிறாங்க." மீனம்மா குரலைத் தாழ்த்தினாள். "தானா ஒரு வார்த்த கேக்க மாட்டாரு ஒங்கப்பா. ஒன்னப் பாத்துட்டு யாழ்ப்பாணத்துலருந்து வந்தா ரெண்டு நாளு சோறு எறங்காது அவருக்கு. 'சொன்னுச்சா தம்பி?'ன்னு கணபதி அண்ணன் கேப்பாரு. இல்லம்பாரு."

சிவலட்சுமி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். எட்டு வருடமாக அவர் வாசலில் வந்து நின்றது அவளாகச் சொல்வதைக் கேட்பதற்குத்தான். கச்சான் பையை வாங்கிக்கொண்டு 'ஓம் அப்பா, சாப்பிட்டன்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் ஒவ்வொரு தரமும். மீனம்மா புடைத்த அரிசியை எடுத்து வைத்துவிட்டு, வீடு வீடாகச் சொல்லப் போனாள்.

பொழுது சாயுமுன் பழனியாண்டியின் முற்றத்துப் பாலை மரத்தடியில் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பழனியாண்டி வாய்க்காலிலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் கவிழ்த்து வைத்த உரலின்மேல் உட்கார்ந்தார். அவள் பெட்டியின் விசையை அழுத்தினாள்.

கணபதி தொடங்கினார். தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக் கூரையில் கல் விழுந்ததிலிருந்து ஆற்றங்கரை வரை. லாம்பு வந்ததும் மீனம்மா எடுத்தாள். இடையில் யாரும் யாரையும் திருத்தவில்லை. அடுத்தவர் சொல்லும்போது தனக்குத் தெரிந்ததை யாரும் நுழைக்கவில்லை. மூக்காயி கூட, மீனம்மா நடுவில் நிறுத்தி இடம் விட்டபோது, தன் மகன் கை நழுவிய இடத்தைத் தானே சொல்லிவிட்டு, அழாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனித்தனியாகக் கேட்டபோது கதையாகத் தெரியாதது, இப்போது அந்த முற்றத்தில் எல்லாரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தது. கோவிலில் நிற்பதுபோல் இருந்தது சிவலட்சுமிக்கு. ராசு, "மதகுக்குக் கீழ ரெண்டு பேரு போனாங்க. அது வரைக்கும் பாத்தேன்" என்றார்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

"நானும் அம்மாவும் மதகுக்குக் கீழ போனோம்" என்றாள். குரல் அவளுடையதுபோல இல்லை. எந்த ஊர்ப் பேச்சு வருகிறதென்று அவள் பார்க்கவுமில்லை. "அம்மாவுக்குத் தலையில கல்லு பட்டிருந்துச்சு. இருட்டுல எனக்குத் தெரியல்ல. சட்டையில ஈரமாப் பட்டப்ப மழத்தண்ணின்னு நெனச்சேன். மேல ஆளுங்க நடந்தாங்க. அம்மா என் வாயப் பொத்திக்கிட்டாங்க. அவங்க போனதுக்குப் பொறகு தண்ணி கேட்டாங்க. கையில அள்ளிக் குடுத்தேன். குளுருதான்னு என்னையக் கேட்டாங்க. இல்லன்னேன். தூக்கமா வருது, அப்பா வந்தா என்னைய எழுப்பச் சொல்லுன்னாங்க. அதுக்குப் பொறகு பேசல்ல. நா கையப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். விடிஞ்சிச்சு. அப்பா கால் தெரிஞ்சிச்சு." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "நா பாத்தது அது வரைக்குந்தான்."

பாலை மரத்தில் பறவைகள் அடையும் சத்தம். பழனியாண்டி தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"நா குனிஞ்சு உள்ள போனேன்" என்றார். அத்தனை வருடம் உள்ளே கிடந்த குரல் கரகரத்து வந்தது. "புள்ள கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அவ சாஞ்சிருந்தா. நா எழுப்பினேன்."

அவர் இரண்டு கைகளும் முன்னால் நீண்டன. அயர்ந்து தூங்குகிறவர் பயந்துவிடக் கூடாதென்று தோளை மெல்லத் தொட்டு அசைப்பதுபோல், வெறும் காற்றில் அசைந்தன. நின்றன. மறுபடியும் அசைந்தன.