இரண்டு சிவப்பு விளக்குகள்

கதவைத் திறந்ததுமே எனக்குப் பகீரென்றது. அக்காவின் ஆய்வுக்கூடத்து சர்வரில் ஐந்து டிஸ்க். அதில் இரண்டில் சிவப்பு விளக்கு. பீப் பீப் என்று பெட்டி வேறு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒரு சிவப்பு என்றால் விசிலடித்துக்கொண்டே மாற்றிவிட்டுப் போயிருப்பேன். இரண்டு என்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தவனே நான்தான். உள்ளே கன்ட்ரோலர் என்று ஓர் அட்டை இருக்கும். எதைச் சேமித்தாலும் துண்டு துண்டாக நறுக்கி ஐந்து டிஸ்க்கிலும் பரப்பும். கூடவே ஒரு கணக்கையும் எழுதி வைக்கும். ஒரு டிஸ்க் செத்தால், அந்தக் கணக்கை வைத்துச் செத்ததில் இருந்ததை மீட்டுவிடும். இரண்டு செத்தால் அதனாலும் ஆகாது.

உள்ளே இருந்தது அக்காவின் ஏழு வருஷம். ஒரு குகையில் மைக் வைத்து அவள் பதிவு செய்த வௌவால்களின் குரல்கள். குகை போன வருஷம் இடிந்துவிட்டது. மறுபடி பதிவு செய்ய அங்கே வௌவாலே இல்லை.

"என்னடா ஆச்சு? சொல்லித் தொலையேன்!" என்றாள் அக்கா.

"யாரு இதுல கை வச்சது?" என்று நான் கத்தினேன். கூட்டித் துடைக்கும் அம்மா துடைப்பத்தோடு நடுங்கிப்போனார்.

"ஐயோ, நான் தொடவே இல்ல சார். போன மாசமும் இப்படித்தான் கத்துச்சு. மேடம் உங்களுக்குப் போன் பண்ணாங்க. அப்புறம் தானா நின்னுடுச்சு."

"தானா எப்படிம்மா நிக்கும்? யாரோ நிறுத்தியிருக்காங்க. யாருன்னு கன்ட்ரோலர்லயே பதிவாகியிருக்கும். ஆள் மட்டும் கிடைக்கட்டும், அப்புறம் இருக்கு!"

பதிவைத் திறந்தேன். முதல் டிஸ்க் செத்தது முப்பத்தெட்டு நாள் முன்பு. அடுத்த பதினோராவது நிமிடம் அலாரம் நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தியவர் என்ற இடத்தில் என் பெயர்.

அடப்பாவி, நானா! கன்ட்ரோலரில் ஒரு பேட்டரி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அப்போதும் இதே பீப்தான். போன மாதம் அக்கா போன் செய்தபோது நான் முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். "பேட்டரிதான்க்கா, அது சும்மா கத்தும்" என்று சொல்லிவிட்டு, செல்போனிலேயே ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவே இல்லை.

செத்த இரண்டையும் கழற்றி மாட்டிப் பார்த்தேன். ஒன்று அசையவே இல்லை. இன்னொன்று உள்ளே டக் டக்கென்று இடித்துவிட்டு அடங்கியது.

திரை என் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் என் பெயர் இருந்த வரி போய்விடும். அந்த அம்மா இன்னும் துடைப்பத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரையை அக்கா பக்கம் திருப்பினேன்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இன்னொரு காப்பி எடுத்து வைக்கவான்னு கேட்டேனேடா."

"கேட்டேக்கா."

"அஞ்சு டிஸ்க் இருக்கு, ஒண்ணும் போகாது, போய் வேலையப் பாருன்னியே."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்; திட்டவே இல்லை.

"மனுஷன் காதுக்கே கேக்காத சத்தத்த ஏழு வருஷம் உக்காந்து கேட்டேன்டா" என்றாள். "உன் காதுல விழுந்த சத்தத்த நீ கேக்கலியே."

பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்குக் கை எழவில்லை.